பி0011, பி0016 இரண்டும் சேர்ந்து வருகிறது, ஓசிவி (ஆயில் கன்ட்ரோல் வால்வ்) மாற்றியும் போகவில்லை

ஐட்லிங்
1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 4 சிலிண்டர், டைமிங் செயின். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு கேம்மிலும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) விவிடி, அதாவது வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு, உண்டு. ஓட்டம் 1,12,000 கி.மீ.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0011 உறுதியான கோடாகவும் (கோளாறு எண்), பி0016 பெண்டிங்காகவும் (இன்னும் உறுதியாகாமல்) நிற்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்தால் எந்தக் குறையும் இல்லை. எஞ்சின் சூடாகி ஒரு ஓட்டம் ஓடி வந்து சிக்னலில் நின்றால் ஐடில் தடுமாறுகிறது, சில சமயம் அணைந்தும் போகிறது. ஓடும்போது இழுவையில் பெரிய குறை தெரியவில்லை.

ஆயில் கன்ட்ரோல் வால்வ் புதிதாக மாற்றியாகிவிட்டது. இரண்டு நாளில் அதே கோடு திரும்ப வந்தது. அடுத்தது செயின் செட் முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கவரைத் திறப்பதற்கு முன் எதையெல்லாம் பார்த்து உறுதி செய்யலாம்?

எண்ணெய்க்குச்சி
முதல்ல டிப்ஸ்டிக். விவிடி முழுக்க எண்ணெய் அழுத்தத்துல ஓடுற சங்கதி. அளவு மினிமம் கோட்டுக்குக் கீழ போனா, வளைவுல திரும்பும்போதும் ஐடில்லயும் அழுத்தம் ஆடும், ஸ்கேனர்ல கோளாறு கோடு வந்து நிக்கும். எஞ்சினை அணைச்சு சமதளத்துல 5 நிமிஷம் விட்டுட்டுப் பாருங்க.

அடுத்து கிரேடு. மூடியில 0டபிள்யூ-20 இல்ல 5டபிள்யூ-30ன்னு போட்டிருக்கிற எஞ்சின்ல 20டபிள்யூ-50 ஊத்தினா, குளிர்ல எண்ணெய் ஃபேசருக்குள்ள (கேம் முனையில அதோட கோணத்தை மாத்துற கியர்) போய்ச் சேரவே நேரம் எடுக்கும். ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) கேட்ட கோணம் கேட்ட நேரத்துல வராது, உடனே "சிஸ்டம் பெர்ஃபார்மன்ஸ்"னு எழுதி வச்சிடும். பழைய எஞ்சின், கெட்டி எண்ணெய் நல்லதுன்னு சொல்றதெல்லாம் விவிடி இல்லாத காலத்துப் பேச்சு.

ஃபில்டரையும் விடாதீங்க. உள்ள எண்ணெய் திரும்பி வடியாம பிடிக்கிற ரப்பர் வால்வ் கெட்டுப்போயிருந்தா, ராத்திரி நின்ன வண்டியில காலையில கேலரி (எஞ்சினுக்குள்ள எண்ணெய் போற பாதை) காலியா இருக்கும். ஆனா உங்க புகார் சூட்டுல வருது, காலையில வரல. அதனால ஃபில்டர் மேல எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல.

சம்ப்ல (அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டி) இருக்கிற எண்ணெய் என்ன கிரேடு, மாத்தி எத்தனை கி.மீ. ஆச்சு, வால்வ் கவரை சமீபத்துல யாராவது கழட்டினாங்களா? இந்த மூணையும் சொல்லுங்க.

ஓம்மீட்டர்
கோளாறு கோடுகளை அழிக்காதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். கோடு பதிவான நொடியில் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, லோடு எல்லாம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஏ என்றால் இன்டேக் கேம், பி என்றால் எக்ஸாஸ்ட் கேம். பேங்க் 1 என்பது முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம். 4 சிலிண்டர் வரிசை எஞ்சினில் பேங்க் 2 கிடையாது.

பி0010 வந்தால் இன்டேக் ஓசிவியின் மின்சுற்றில் கோளாறு. வயர், கனெக்டர், காயில் என்று போங்கள்.
பி0011 என்றால் இன்டேக் கேம் தேவைக்கு மேல் முந்தி நிற்கிறது, அல்லது சொன்ன பேச்சு கேட்கவில்லை. பி0012 என்றால் பிந்தி நிற்கிறது.
பி0013, 0014, 0015 மூன்றும் எக்ஸாஸ்ட்டுக்கு அதே வரிசை.
பி0016 என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சிக்னலும் இன்டேக் கேம் சிக்னலும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எக்ஸாஸ்ட் கேம்முக்கு பி0017. பேங்க் 2 என்றால் 0018, 0019.
பி0340, பி0341, பி0335 வந்தால் அது சென்சார் பக்கத்துக் கதை.

பி0010, பி0340 இரண்டும் உங்களுக்கு வரவில்லை என்பதே ஒரு தகவல். காயிலும் சென்சார் சுற்றும் ஈசியூவின் கண்ணுக்கு உயிரோடு இருக்கின்றன. அப்படியிருக்க முதலில் ஓசிவியை மாற்றியது அவசரம்.

ஸ்பேனர்17
1,12,000 ஓடின செயின் எஞ்சின், பி0016 வேற சேர்ந்து வருது. செயின் நீண்டிருச்சு, அவ்வளவுதான். செயின், ரெண்டு கைடு, டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கிறது), கிராங்க் ஆயில் சீல், முன் கவர் சீலண்ட் எல்லாம் ஒரே தடவையில போட்டுட்டா நிம்மதி. ஓசிவி, சென்சார்னு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனா கடைசியில அந்தச் செலவும் சேர்ந்துதான் நிக்கும்.

செயின்கவர்
மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. காரணம் கோணத்தின் திசை.

செயின் "நீள்வது" என்று நாம் சொல்வது இரும்பு இழுபடுவதல்ல. ஒவ்வொரு கண்ணியின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, நூறு மூட்டுகளின் தேய்மானம் ஒன்றாகக் கூடுவதுதான். கிராங்க் ஸ்ப்ராக்கெட் செயினை ஒரு பக்கமாக இழுத்து கேம்மைச் சுழற்றுகிறது. அந்த இழுக்கும் பக்கத்தின் நீளம் கூடினால் கேம் எந்தப் பக்கம் நகரும்? பின்னால்தான். கிராங்க் முன்னே போய்விடும், கேம் தாமதமாக வந்து சேரும். தேய்ந்த செயின் கேம்மை ரிடார்ட் செய்யும், அட்வான்ஸ் செய்யாது.

எவ்வளவு நகரும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செயினின் பிட்ச் 8 மி.மீ., கேம் ஸ்ப்ராக்கெட்டில் 36 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 288 மி.மீ. ஒரு டிகிரிக்கு 0.8 மி.மீ. கிராங்கிலிருந்து கேம் வரை இழுக்கும் பக்கம் 400 மி.மீ. இருந்து அது 0.5 சதவீதம் நீண்டால் 2 மி.மீ. அதாவது கேம் கணக்கில் 2.5 டிகிரி, கிராங்க் கணக்கில் 5 டிகிரி தாமதம். ஒரு பல் தாண்டினால் கேம்மில் 10, கிராங்கில் 20 டிகிரி. தேய்மானம் மெல்ல வளரும் சின்ன எண். பல் தாண்டல் ஒரே நொடியில் வரும் பெரிய எண், அதுவும் பல்லின் மடங்காகத்தான் வரும்.

இங்கே கோடு "அதிக அட்வான்ஸ்" என்கிறது. ஆனாலும் பி0011க்குள் "சிஸ்டம் பெர்ஃபார்மன்ஸ்" என்ற பொருளும் ஒளிந்திருப்பதால் கோடின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. எண்ணைப் பார்க்க வேண்டும். லைவ் டேட்டாவில் இந்த நான்கையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள்: இன்டேக் கேம் கேட்ட கோணம், இன்டேக் கேம் நிஜக் கோணம், எக்ஸாஸ்ட் கேம் நிஜக் கோணம், இன்டேக் ஓசிவி டியூட்டி (வால்வுக்கு மின்சாரம் போகும் நேர விகிதம்). குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே பதிவு ஓடட்டும். எஞ்சின் சூடான பிறகு 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி இறக்கி, மறுபடி ஐடிலில் 2 நிமிடம் விடுங்கள்.

ஸ்கேனர் காட்டுவது கேம் டிகிரியா கிராங்க் டிகிரியா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 20 டிகிரி என்று பார்ப்பது நிஜத்தில் 10 ஆகவோ 40 ஆகவோ போய்விடும்.

ஐட்லிங்
எண்ணெய் 5டபிள்யூ-30, மாற்றி 4,000 கி.மீ. ஆகிறது. அளவு மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே. வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்ததால் 3 மாதத்துக்கு முன் மாற்றப்பட்டது.

ஃப்ரீஸ் ஃப்ரேம்: 760 ஆர்பிஎம், கூலன்ட் 91 டிகிரி, வேகம் 0.

லைவ் டேட்டா கிராங்க் டிகிரியில் உள்ளது:
குளிர் ஸ்டார்ட், ஐடில்: கேட்டது 0, இன்டேக் 0, எக்ஸாஸ்ட் 0.
5 நிமிடம் கழித்து ஐடில்: கேட்டது 0, இன்டேக் 0 முதல் 1 வரை.
3000 ஆர்பிஎம்: கேட்டது 26, இன்டேக் 27. எக்ஸாஸ்ட் நன்றாகப் பின்தொடர்கிறது.
ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு ஐடில்: கேட்டது 0, இன்டேக் 14. அங்கேயே நிற்கிறது, ஐடில் தடுமாறுகிறது. எக்ஸாஸ்ட் 0. அப்போது ஓசிவி டியூட்டி மிகக் குறைவு.
அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் மறுபடி 0.

செயின்கவர்
இந்தப் பதிவே பாதி வேலையை முடித்துவிட்டது. செயின் மேல் குற்றமில்லை என்பதற்கு மூன்று சாட்சிகள் இதில் இருக்கின்றன.

ஒன்று, குளிர் ஸ்டார்ட்டில் 0. செயின் தேய்ந்திருந்தாலோ பல் தாண்டியிருந்தாலோ பிழை எல்லா நிலையிலும் ஒரே அளவாக இருக்கும். காலையில் மறைந்து மாலையில் தோன்றும் பிழை இரும்புச் சங்கிலியில் வராது.

இரண்டு, எக்ஸாஸ்ட் கேம் 0. இரண்டு கேம்களையும் ஓட்டுவது ஒரே செயின். அது நீண்டால் இரண்டும் சேர்ந்து பிந்தும். ஒன்று மட்டும் தவறுகிறது என்றால், தவறு அந்த ஒன்றுக்கு மட்டுமே சொந்தமான உறுப்பில்: அதன் ஓசிவி, அதன் எண்ணெய்ப் பாதை, அதன் ஃபேசர், அதன் சென்சார்.

மூன்று, 14 டிகிரி முந்தல். உங்கள் ஸ்ப்ராக்கெட்டில் 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 20. 14 எந்தப் பல்லுக்கும் பொருந்தாது.

ஐடில் ஏன் தடுமாறுகிறது என்பதும் இதே எண்ணில் இருக்கிறது. இன்டேக் கேம் முந்தினால் இன்டேக் வால்வ் சீக்கிரம் திறக்கும். எக்ஸாஸ்ட் வால்வ் மூடும் முன்பே திறப்பதால் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். ஐடிலில் மேனிஃபோல்டில் நல்ல வெற்றிடம் இருக்கும், எரிந்த புகை அதன் வழியாகப் பின்னோக்கி இழுக்கப்பட்டு அடுத்த சுற்றின் காற்றைக் கெடுக்கும். 3000 ஆர்பிஎம்மில் அதே முந்தல் தேவைப்படுகிறது, அதனால்தான் ஓடும்போது குறை தெரியவில்லை.

கேம் தானாக முந்தாது என்பதையும் மனதில் வையுங்கள். வால்வ் ஸ்பிரிங்குகளின் எதிர்ப்பும் உராய்வும் கேம்மைச் சராசரியாக ரிடார்ட் பக்கம்தான் இழுக்கும். அது 14 டிகிரி முன்னே போய் நிற்கிறது என்றால் ஃபேசரின் அட்வான்ஸ் அறைக்குள் எண்ணெய் தள்ளிக்கொண்டிருக்கிறது, அல்லது ஃபேசர் உள்ளேயே சிக்கியிருக்கிறது.

ஓம்மீட்டர்
அந்த இரண்டையும் பிரிக்க முதல் சோதனை இலவசம். 14 டிகிரியில் சிக்கி ஐடில் தடுமாறும் நேரத்தில் இன்டேக் ஓசிவியின் கனெக்டரைக் கழற்றுங்கள். வேறு கோடு ஒன்று எழும், பிறகு அழித்துக்கொள்ளலாம். மின்சாரம் இல்லாத ஓசிவியில் ஸ்பிரிங் ஸ்பூலை (வால்வுக்குள் நகரும் தண்டு) தள்ளி எண்ணெயை ரிடார்ட் அறைக்குத் திருப்பும். கோணம் 0க்கு இறங்கினால் வயரிங்கோ ஈசியூவோ தேவையில்லாமல் மின்சாரம் கொடுக்கிறது. இறங்காமல் 14இலேயே நின்றால் மின்சாரத்துக்குப் பங்கில்லை. ஸ்பூல் சிக்கியிருக்கிறது அல்லது ஃபேசர் சிக்கியிருக்கிறது.

கூடவே இவற்றையும் பாருங்கள்.

காயில் எதிர்ப்பு: இந்த வகை வால்வுகள் பலவற்றில் 20 டிகிரி சூட்டில் 7 ஓம் சுற்றில் இருக்கும். எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், மேனுவல் எண்தான் கடைசி. சூட்டில் சற்றுக் கூடும், அது கோளாறு அல்ல. ஓம் சரியாக இருப்பதால் வால்வ் நல்லது என்று அர்த்தமில்லை. காயில் அறுந்துபோகவில்லை என்று மட்டுமே அர்த்தம். ஸ்பூல் சிக்கியதை மீட்டர் சொல்லாது.

ஆக்டிவ் டெஸ்ட்: ஸ்கேனரில் வசதி இருந்தால், எஞ்சின் சூடாக ஐடிலில் இருக்கும்போது ஓசிவியை ஆன் செய்யுங்கள். ஐடில் கெட்டு அணைய வர வேண்டும். ஆஃப் செய்தால் உடனே தெளிய வேண்டும். ஆன் செய்தும் எதுவும் மாறாவிட்டால் எண்ணெய் போகவில்லை. ஆஃப் செய்தும் தெளியாவிட்டால் எண்ணெய் திரும்பவில்லை.

கனெக்டர் இடமாற்றம்: வால்வ் கவர் கழற்றிய வண்டி என்றால் இன்டேக், எக்ஸாஸ்ட் ஓசிவி கனெக்டர்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். ஒரே மாதிரி கனெக்டர், ஒரே நீள வயர் என்றால் மாறுவது மிகச் சுலபம். ஆனால் மாறியிருந்தால் இரண்டு கேம்களும் தப்பாக ஓடும், 3000இல் இவ்வளவு அழகாகப் பின்தொடராது. இங்கே அது இல்லை.

சென்சார்: மூன்று வயர் உள்ள ஹால் சென்சாரை ஓம் வைத்து அளக்காதீர்கள், அதில் பொருளே இல்லை. சப்ளை, கிரவுண்ட், சதுர அலை ஆகிய மூன்றையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது சென்சார் கிரவுண்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் கிரவுண்ட் வயரைத் தேடுங்கள். இரண்டு சேனல் ஸ்கோப் இருந்தால் கிராங்க், கேம் இரண்டையும் ஒரே திரையில் போட்டு, கிராங்க் வட்டின் விட்டுப்போன பல் இடைவெளியிலிருந்து கேம் விளிம்பு எத்தனையாவது பல்லில் விழுகிறது என்று எண்ணுங்கள். 60இல் 2 விட்டுப்போன வட்டு என்றால் ஒரு பல்லுக்கு 6 டிகிரி. 0 காட்டும்போதும் 14 காட்டும்போதும் அந்த விளிம்பு இரண்டு பல்லுக்கு மேல் நகர வேண்டும். நகர்ந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

ஐட்லிங்
கனெக்டரைக் கழற்றியும் 14இலேயே நின்றது. ஐடிலில் ஒரு மாற்றமும் இல்லை. காயில் 7.4 ஓம். வெளியே எடுக்காமல் 12 வோல்ட் கொடுத்தபோது 'டக்' சத்தம் கேட்டது. ஸ்கோப் படத்தில் கேம் விளிம்பு இரண்டு பல்லும் கொஞ்சமும் நகர்கிறது.

எண்ணெய்க்குச்சி
அப்ப மின்சாரம் கணக்குல இல்ல, சென்சாரும் பொய் சொல்லல. 3 மாசத்துக்கு முன்னாடி வால்வ் கவர் வேலைன்னு சொன்னீங்களே, அதுதான் என் சந்தேகம்.

கவர் கேஸ்கெட் ரப்பர்தான். ஆனா முன் கவரும் ஹெட்டும் சேர்ற ரெண்டு மூலையில மட்டும் ஒரு பொட்டு சீலண்ட் வைக்கணும். 3 மி.மீ. பொட்டு போதும். பலபேர் சுத்தி வர பட்டை போட்டு இழுத்துடுவாங்க. இறுக்கினதும் பாதி வெளிய பிதுங்கும், அது கண்ணுக்குத் தெரியும். மீதிப் பாதி உள்ள பிதுங்கும், யாருக்கும் தெரியாது. அது காய்ஞ்சு, பிஞ்சு, எண்ணெயோட சுத்த ஆரம்பிக்கும். சம்புக்குப் போனது ஸ்ட்ரெய்னர்ல மாட்டும். ஹெட் கேலரியில கேஸ்கெட் வேலை அப்போ விழுந்தது ஃபில்டரைத் தாண்டின பக்கம், அதைத் தடுக்க ஃபில்டர் கிடையாது. நேரா ஓசிவிக்கு வரும்.

உங்க எண்ணும் அதைத்தான் காட்டுது. 3000 ஏறுற வரைக்கும் ஸ்பூல் அசையல, அதனால 0. ஏறினதும் ஸ்பூல் நல்லா திறக்குது, ஒரு துணுக்கு உள்ள நுழையுது. திரும்பி மூடும்போது விளிம்புல மாட்டிக்கிட்டு ஸ்பூல் பாதியில நிக்குது. அணைச்சதும் அழுத்தம் போகுது, துணுக்கு விலகுது, மறுபடி 0. புது வால்வ் போட்டும் அதே கதை தொடர்றதுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியல.

ஓசிவிக்கு எண்ணெய் வர்ற வழியில நிறைய எஞ்சின்கள்ல ஒரு சின்ன வலை இருக்கும். சிலதுல ஓசிவி உடம்புலயே சுத்தியிருக்கும். சிலதுல ஹெட் பக்கத்துல ஒரு போல்ட் மாதிரி பிளக், அதைக் கழட்டினா உள்ள சுண்டுவிரல் நுனி அளவுக்கு வலைக்குழாய் வரும். வால்வ் மாத்தினவங்க அதைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. கிழிஞ்சிருந்தாலும் அடைச்சிருந்தாலும் புதுசு போடணும். வலையைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் பிளக்கை மாட்டுற வேலை மட்டும் வேண்டாம்.

ஸ்பேனர்17
எக்ஸாஸ்ட் 0ன்னு வந்தப்பவே செயின் இல்லைன்னு புரிஞ்சுது, என் முதல் பதில் தப்பு. ஓசிவியைக் கழட்டும்போது இதையும் சேர்த்துப் பாருங்க.

சுத்தி இருக்கிற அழுக்கை முதல்லயே ஊதித் துடைங்க. 10 நம்பர் போல்ட் ஒண்ணுதான் இருக்கும். வால்வை நேரா இழுக்காம லேசா முறுக்கி வெளிய எடுங்க, ஓ-ரிங் ஒட்டியிருக்கும்போது நேரா இழுத்தா உடம்பு வளையும். எடுத்ததும் துடைக்காம வெள்ளைத் துணி மேல வைங்க. துணியில என்ன விழுதுன்னு பாக்கணும். பக்கத்து ஓட்டை வழியா ஸ்பூலைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால தள்ளினா, முழுசாப் போய் ஸ்பிரிங்ல பட்டுன்னு திரும்பணும். 12 வோல்ட் கொடுக்கிறதா இருந்தா ஒரு ரெண்டு நொடி மட்டும். தொடர்ந்து கொடுத்தா காயில் கருகிடும்.

பார்ட் நம்பரையும் சரிபாருங்க. இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் வெளியில ஒரே மாதிரி இருந்து உள்ள வேற மாதிரி இருக்கிற எஞ்சின்கள் உண்டு. ரெண்டுக்கும் ஒரே நம்பர்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் இடம் மாத்திப் போட்டுப் பாக்கலாம். கோடு பி0014ஆ மாறினா வால்வ், பி0011லயே நின்னா வால்வைத் தாண்டின கோளாறு.

திரும்பப் போடும்போது ஓ-ரிங் புதுசு, எண்ணெய் தடவி. எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். அலுமினியம் ஹெட், மேல போனா மரை உருவிடும்.

செயின்கவர்
ஸ்பூல் சுத்தமாக இருந்து வலையும் சுத்தமாக இருந்தால் மட்டுமே ஃபேசரைத் தொட வேண்டும். அதைக் கழற்றாமலே ஒரு சோதனை உண்டு. கேம் கேப் பக்கத்தில் அட்வான்ஸ், ரிடார்ட் துளைகளை மேனுவல் காட்டும். மற்றத் துளைகளை டேப்பால் மூடிவிட்டு, இரண்டிலும் 1.5 பார் அளவுக்குக் காற்றைக் கொடுத்து, ரிடார்ட் பக்கக் காற்றை மெல்லக் குறைத்தால் லாக் பின் விடுபட்டு கியர் அட்வான்ஸ் பக்கம் திரும்பும். இடையில் எங்கும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ரிடார்ட் கடைசிக்குக் கையால் திருப்பிக் கொண்டுவந்தால் 'கிளிக்' என்று பின் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் ஆடினால் பின் துளை தேய்ந்துவிட்டது, ஃபேசர் மாற்ற வேண்டியதுதான். துணியால் மூடி, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எண்ணெய் பீய்ச்சி அடிக்கும்.

வி6பேங்க்2
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், தொடர்புடைய கேள்விதான். 3.5 லிட்டர் வி6, பி0018, பி0019 இரண்டும் வருகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நொடி முன்பக்கம் சடசட சத்தம். பேங்க் 1இல் கோடு இல்லை. இதுவும் ஓசிவி வலைதானா?

செயின்கவர்
இல்லை. மேலே உள்ள வண்டிக்கு நேர் எதிரான வழக்கு இது. ஒரு பேங்கின் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து கிராங்குடன் பொருந்தவில்லை, மற்ற பேங்க் சரி. இரண்டு ஓசிவிகள் ஒரே நாளில் ஒரே அளவில் கெடாது. அந்த இரண்டு கேம்களுக்கும் பொதுவானது அந்தப் பக்கத்துச் செயின், அதன் கைடு, அதன் டென்ஷனர். காலைச் சத்தமும் டென்ஷனரைத்தான் காட்டுகிறது. இரவில் எண்ணெய் வடிந்து பிஸ்டன் தளர்கிறது, அழுத்தம் வரும் வரை செயின் கவரில் அடிக்கிறது.

முதலில் லைவ் டேட்டாவில் பேங்க் 2இன் இரண்டு கேம்களும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவில் பிந்துகின்றனவா என்று பாருங்கள். பிந்தினால் தேய்மானம் உறுதி. அடுத்து வாக்குவம் கேஜ். நல்ல எஞ்சின் கடல்மட்டத்தில் சூடான ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும், உயரம் ஆயிரம் அடி கூடினால் ஏறத்தாழ ஒரு அங்குலம் குறையும். முள் ஆடாமல் 14 போல் தாழ்ந்தே நின்றால் கேம் டைமிங் பிந்தியிருக்கிறது என்ற சந்தேகத்துக்கு வலுச் சேரும். கம்ப்ரஷனில் பேங்க் 2இன் மூன்று சிலிண்டர்களும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் இன்னொரு சாட்சி. இன்டேக் வால்வ் தாமதமாக மூடுவதால் காற்று திரும்பி வெளியே போகிறது.

கவரைத் திறந்த பிறகு பலர் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, கிராங்க் புல்லியின் வெளி வளையத்தில் உள்ள குறியை நம்புவது. புல்லி இரண்டு வளையமும் நடுவே ரப்பருமாக இருக்கும். ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் நகர்ந்து பொய் காட்டும். உள்ளே உள்ள ஸ்ப்ராக்கெட் குறியும் சாவியும் (ஸ்ப்ராக்கெட்டைக் கிராங்கோடு பூட்டும் சிறு இரும்புக் கட்டை) தான் நம்பத்தக்கவை. சில எஞ்சின்களில் சாவியே கிடையாது, கிராங்க் போல்ட்டின் இறுக்கம் மட்டுமே ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும். அங்கே கேம் பூட்டும் கருவி இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் அந்த நொடியே போய்விடும். அந்த போல்ட் ஒருமுறை மட்டுமே பயன்படும், டார்க் கொடுத்து அதற்கு மேல் கோணமும் திருப்ப வேண்டும்.

இரண்டு, நிறக் கண்ணிகள். செயின் போடும்போது மட்டும் அவை குறிகளோடு பொருந்தும். கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றினால் ஸ்ப்ராக்கெட் குறிகள் திரும்பப் பொருந்தும், நிறக் கண்ணிகள் வேறெங்கோ போய்விடும். செயினின் கண்ணி எண்ணிக்கையும் பல் எண்ணிக்கையும் வகுபடாததால், அவை மறுபடி பொருந்தப் பல சுற்று ஆகும். அதைப் பார்த்துப் பயந்து செயினைத் திரும்பக் கழற்ற வேண்டாம். சுற்றுவது எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். எதிர்த் திசையில் சுற்றினால் டென்ஷனர் அழுந்தி, மறுபக்கம் செயின் தளர்ந்து பல் தாண்டலாம். இரண்டு சுற்றில் எங்காவது இரும்பில் இரும்பு முட்டுவது போல் நின்றால் பலம் கொடுக்காதீர்கள். அது வால்வும் பிஸ்டனும் தொடும் இடம்.

எண்ணெய்க்குச்சி
ஃப்ளஷ் ஊத்தலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க, முன்னாடியே சொல்லிடுறேன். உள்ள கசடு ஒட்டியிருக்கிற எஞ்சின்ல பலமான ஃப்ளஷ் ஊத்தினா, கரையாம பாளமாப் பேந்து வரும். அது நேரா ஸ்ட்ரெய்னரையும் இந்த வலையையும் அடைக்கும். சிலிக்கான் துணுக்கு ஃப்ளஷ்ல கரையவே கரையாது. சரியான கிரேடு எண்ணெயை 1,000 கி.மீ. ஓட்டி வடிச்சு, ஃபில்டரோட மறுபடி மாத்தறது மெதுவான வழி, ஆனா பத்திரமான வழி.

ஓம்மீட்டர்
ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கசடு கண்ணுக்குத் தெரிந்தால் எண்ணெய் மாற்றுவதோடு நிறுத்தாமல் அழுத்தத்தையும் அளந்துவிட வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். எஞ்சின் முழுச் சூட்டில் ஐடிலில் 1 பார் பக்கமும், ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் என்பதும் பொதுவான கைக்கணக்கு. மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே சரி. டாஷ்போர்டு விளக்கு எரியவில்லை என்பது போதாது. அது மிகவும் தாழ்ந்த அழுத்தத்தில்தான் எரியும், அதற்கு வெகு முன்பே விவிடி தள்ளாட ஆரம்பித்துவிடும்.

ஐட்லிங்
திறந்து பார்த்தாயிற்று. ஓசிவியை வெள்ளைத் துணியில் வைத்தபோது எண்ணெயுடன் சாம்பல் நிறத்தில் இரண்டு ரப்பர் போன்ற துணுக்குகள், அரிசி நொய் அளவு. ஒன்றில் கத்தியால் வெட்டியது போல் ஸ்பூல் விளிம்பின் தழும்பு இருக்கிறது. ஹெட் பக்கப் பிளக்கினுள் இருந்த வலையின் ஒரு ஓரம் கிழிந்திருந்தது, மீதிப் பரப்பில் அதே சாம்பல் சீலண்ட். வால்வ் கவரைக் கழற்றியபோது உள் விளிம்பு நெடுகச் சீலண்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

வலை புதிது, ஓ-ரிங் புதிது. கவர் விளிம்பைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, மூலைகளில் மட்டும் பொட்டு வைத்து மூடியது. எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியாயிற்று. 3000 ஏற்றி இறக்கி ஐந்து முறை பார்த்ததில் ஒவ்வொரு முறையும் 1 டிகிரிக்குள் திரும்புகிறது.

ஓம்மீட்டர்
அந்தத் தழும்புதான் சரியான ஆதாரம். பி0016 ஏன் சேர்ந்து வந்தது என்பதற்கும் அதுவே பதில். கேம் 0இல் இருக்க வேண்டிய நேரத்தில் 14இல் இருந்ததால், கிராங்குடன் ஒப்பிடும் கணக்கு எல்லை தாண்டியது.

இனி கோடுகளை அழியுங்கள். ஸ்கேனரில் விவிடி அடிப்படைக் கோணம் கற்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். இந்த வகைக் கோடுகள் பலவற்றில் இரண்டு ஓட்டத்தில் தொடர்ந்து பிழை தெரிந்தால்தான் விளக்கு எரியும், அதனால் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பாமல் பெண்டிங் பட்டியலைப் பாருங்கள். குளிர் ஸ்டார்ட், 15 நிமிடம் சீரான வேகம், நடுவே நாலைந்து முறை பலமாக முடுக்கி விடுவது, கடைசியில் 3 நிமிடம் ஐடில். இதை இரண்டு நாள் செய்து பட்டியல் காலியாக இருந்தால் சரி.

எண்ணெய்க்குச்சி
500 கி.மீ.ல ஓசிவியை மறுபடி ஒரு தடவை கழட்டிப் பாத்துடுங்க. ஹெட் கேலரியில மிச்சம் மீதி துணுக்கு இருந்தா அதுக்குள்ள புது வலைக்கு வந்து சேர்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்து வலையையும் அதே கையோட எடுத்துப் பாருங்க, ஒரே கவர், ஒரே சீலண்ட்.